52 வீடுகள், 144 துளைகள்: ட்ரேக் லேண்டிங்கின் 17 ஆண்டுகள்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரி நகருக்குத் தெற்கே, ஓகோடோக்ஸ் என்று ஓர் ஊர். பிளாக்ஃபுட் மக்களின் மொழியில் பாறையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். பனியாறு சுமந்துவந்து போட்டுவிட்டுப் போன, ஏறத்தாழ 16,500 டன் எடையுள்ள பாறை ஊருக்கு மேற்கே புல்வெளியில் இன்றும் கிடக்கிறது. ஆனால் வெப்பப் பொறியாளர்களுக்கு அந்த ஊர் பழக்கமானதற்குக் காரணம் வேறு. ட்ரேக் லேண்டிங் என்ற சிறு குடியிருப்பின் பூங்காவுக்கு அடியில் இருந்த சூடான மண்தான் அது.

2007-இல் இயங்கத் தொடங்கிய அந்த அமைப்பு, கோடை வெயிலைப் பிடித்து மண்ணுக்குள் வைத்து, குளிர்காலத்தில் 52 வீடுகளுக்கு வெப்பமாகத் திருப்பிக் கொடுத்தது. 2015–16 குளிர்காலத்தில் அந்த வீடுகளின் அறைகளைச் சூடாக்கத் தேவைப்பட்ட வெப்பம் நூற்றுக்கு நூறு வெயிலிலிருந்தே வந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்கு இறங்கக்கூடிய ஊர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். 2024-இல் அதே அமைப்பு மூடப்பட்டது. வீடுகள் இயற்கை எரிவாயு உள்ளிட்ட வழக்கமான முறைகளுக்கு மாறின.

இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாதிக் கதையோடு நின்றுவிடுகிறார்கள். பழைய கட்டுரைகள் நூறு சதவீதத்தில் முடிகின்றன. புதியவை மூடியதில் தொடங்கி, சூரிய வெப்பமெல்லாம் சரிப்பட்டு வராது என்று தீர்ப்பு எழுதிவிடுகின்றன. இரண்டு பாதிகளையும் ஒட்டிப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: மண் தன் வேலையைச் செய்தது, இயற்பியலும் சொன்ன சொல் தவறவில்லை. தோற்றது 52 என்ற எண்.

ஏன் ஊருக்கே பொதுவாக?

குளிர்நாடுகளில் வெயில் ஜூன் மாதத்தில் கொட்டுகிறது. வெப்பம் ஜனவரியில் வேண்டியிருக்கிறது. பகலில் சூடாக்கிய தண்ணீரை இரவுவரை வைத்திருக்க ஒரு தொட்டி போதும். ஆறு மாதம் வைத்திருப்பது அப்படியல்ல. ஒரு கன மீட்டர் தண்ணீரை 60 டிகிரி உயர்த்திச் சூடாக்கினால் அதில் அடங்குவது ஏறத்தாழ 70 யூனிட், அதாவது 70 கிலோவாட் மணி. குளிர்காலம் முழுவதற்கும் 10,000 யூனிட் கேட்கும் வீட்டுக்கு 140 கன மீட்டருக்கு மேல் தண்ணீர் தேவை. வழியில் எதுவும் கசியாது என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு, கசியத்தான் செய்யும்.

அந்தக் கசிவைக் கட்டுப்படுத்த எளிய வழி, சேமிப்பிடத்தைப் பெரிதாக்குவது. ஒரு பெட்டியின் பக்கத்தை இரட்டிப்பாக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகிறது, மேற்பரப்பு நான்கு மடங்குதான் ஆகிறது. வெப்பம் தப்பிப்பது மேற்பரப்பு வழியாக. ஆகவே பெரிய சேமிப்பில், உள்ளே வைத்ததில் தப்பிப்போகும் பங்கு சிறிது. ஒரு வீட்டுக்குத் தனியாகப் பருவச் சேமிப்பு கட்டுவது வீண் வேலை; தெருவுக்கோ ஊருக்கோ சேர்த்துக் கட்டினால் கணக்கு மாறத் தொடங்குகிறது. சூரியத் தகடுகள், சேமிப்பு, பொதுக் குழாய் வலை மூன்றும் ஒரே திட்டத்தில் வந்து சேர்வதற்கு இதுதான் காரணம்.

கராஜ் கூரையிலிருந்து மண்ணுக்கு

ட்ரேக் லேண்டிங் வீடுகளுக்குப் பின்னால், வீட்டோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் கராஜ்கள் நான்கு வரிசைகள். அவற்றின் கூரைகளை ஒன்றோடொன்று தொடர்ச்சியாக இணைத்து, மேலே 800 தட்டைச் சூரிய வெப்பத் தகடுகள். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2,290 சதுர மீட்டர். இவை மின்சாரம் தரும் தகடுகள் அல்ல. கண்ணாடிக்கு அடியில் கருமையான உலோகப் பரப்பு, அதில் ஒட்டிய குழாய், குழாயில் உறையாமலிருக்கக் கிளைக்கால் (glycol) என்ற திரவம் கலந்த தண்ணீர். அவ்வளவுதான். வீட்டுக் கூரைகளை விட்டுவிட்டுக் கராஜ்களைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை என்று நினைக்கிறேன். வீட்டின் அழகோ அறை அமைப்போ தகட்டுக்காக வளைய வேண்டியதில்லை. தகடுகளும் வீட்டுக்கு வீடு திசை மாறாமல் ஒரே வரிசையில் நின்றன.

நல்ல கோடை நாளில் இந்தத் தகடுகள் 1.5 மெகாவாட் வெப்பம் தந்தன. அது நேராக மண்ணுக்குப் போகவில்லை. குடியிருப்பின் மூலையில், ஏறத்தாழ 230 சதுர மீட்டர் பரப்புள்ள எரிசக்தி நிலையக் கட்டடத்தில், படுத்த நிலையில் இரண்டு எஃகுத் தொட்டிகள். ஒவ்வொன்றும் 120 கன மீட்டர். கிளைக்கால் கொண்டுவந்த வெப்பம் ஒரு வெப்பமாற்றி வழியாக இந்தத் தொட்டித் தண்ணீருக்கு மாறியது. மண் வெப்பத்தை மெதுவாகத்தான் வாங்கும். வாய் குறுகிய பெரிய ஜாடியைப் போல: உள்ளே இடம் ஏராளம், ஆனால் குடத்தோடு கவிழ்த்தால் வெளியேதான் சிந்தும். ஆகவே நண்பகலில் வந்த வெப்பத்தைத் தொட்டி வாங்கி வைத்துக்கொண்டு, மாலையிலும் இரவிலும் மண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டியது. கணக்கும் அழகாகப் பொருந்துகிறது. 240 கன மீட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த 8,400 யூனிட் வேண்டும், 1.5 மெகாவாட் ஆறு மணி நேரம் வந்தால் 9,000 யூனிட். ஏறக்குறைய ஒரு நாள் வெயில்.

மண்ணைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். 35 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள், 2.25 மீட்டர் இடைவெளியில், 35 மீட்டர் ஆழத்துக்கு 144 துளைகள். தண்ணீர் எடுக்கப் போட்ட துளைகள் அல்ல. ஒவ்வொன்றிலும் ஆங்கில யு எழுத்துபோல வளைந்த பிளாஸ்டிக் குழாய் அடிவரை இறங்கி மேலே திரும்புகிறது. குழாய்க்கும் துளைச் சுவருக்கும் நடுவில் சாந்து நிரப்பியிருக்கிறது. ஆறு ஆறு துளைகளாகக் கோத்து 24 சரங்கள். ஒவ்வொரு சரமும் வட்டத்தின் நடுவில் தொடங்கி விளிம்பில் முடியும்.

கோடையில் சூடான தண்ணீர் நடுவில் நுழைந்தது. முதல் துளையில் நிறைய வெப்பத்தை விட்டுவிட்டு, இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் என்று ஆறி ஆறி, ஆறாவது துளையிலிருந்து வெதுவெதுப்பாக வெளியேறியது. கோடை முடியும்போது நடுப்பகுதி மண் 80 டிகிரி செல்சியஸை நெருங்கியிருக்கும். விளிம்பு அதைவிட வெகுவாகத் தணிந்திருக்கும். குளிர்காலத்தில் ஓட்டத்தைத் திருப்பிவிட்டார்கள். ஆறிய தண்ணீர் விளிம்பில் நுழைந்து, ஒவ்வொரு துளையிலும் சூடேறிக்கொண்டே நடுவுக்கு வந்து, இருப்பதிலேயே சூடான மண்ணைத் தொட்டுவிட்டு வெளியேறியது. ஒரே குழாய், திசை மட்டும் வேறு. விளிம்பு குளிராக இருந்ததால் சுற்றியுள்ள மண்ணுக்குப் போகும் இழப்பும் குறைந்தது. இந்த ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால் மொத்த மண்ணும் மிதமான சூட்டில் கலந்துபோய், யாருக்கும் உதவாத வெப்பமாக நின்றிருக்கும்.

மேலே மட்டும் மூடி. நீர் புகாத விரிப்பு, வெப்பத்தடுப்புப் பலகை, களிமண், அதற்கு மேல் புல்தரை. பக்கவாட்டிலும் அடியிலும் தடுப்பு எதுவும் இல்லை. 35 மீட்டர் ஆழத்தில் மண்ணைச் சுற்றிப் போர்வை போர்த்துவது நடக்கிற காரியம் இல்லை. நிலத்தடி நீர் ஓடும் இடமாக இருந்தால் அது வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். இடத்தைத் தேர்வு செய்யும்போதே பாதி வெற்றி தீர்மானமாகிவிடுகிறது.

புதுப்பானை குடித்த தண்ணீர்

புது மண்பானையில் முதலில் ஊற்றும் தண்ணீரைப் பானையே குடித்துவிடும். இந்த மண்ணும் அப்படித்தான் செய்தது. வட்டத்துக்குள் அடங்கிய மண் ஏறத்தாழ 34,000 கன மீட்டர். அதையும், அதைச் சுற்றிய மண்ணையும் வேலை செய்யும் சூட்டுக்குக் கொண்டுவருவதற்கே சில கோடைகள் தேவைப்பட்டன. முதல் ஆண்டு, மண்ணுக்குள் செலுத்திய வெப்பத்தில் திரும்பி வந்தது 6 சதவீதம்தான். இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 35, நான்காம் ஆண்டு 54.

முதல் ஆண்டின் 6 சதவீதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் திட்டம் அன்றே செத்திருக்கும். நல்ல வேளையாக, ஐந்து ஆண்டுகள் பொறுத்துப் பார்ப்பது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தார்கள். ஐந்தாம் ஆண்டில் வெயிலின் பங்கு 90 சதவீதத்துக்கு மேல் என்பது வடிவமைப்பின் இலக்கு. அறைகளைச் சூடாக்கியதில் வெயிலின் பங்கு முதல் ஐந்து ஆண்டுகளில் 55, 60, 80, 86, 97 சதவீதம் என்று ஏறியது. முதல் ஆண்டிலேயே 55 கிடைத்ததற்குக் காரணம், இளங்குளிர் மாதங்களில் தகடுகளிலிருந்து தொட்டி வழியாக நேராக வீட்டுக்குப் போன வெப்பம். மண் அப்போது பெரிதாக எதுவும் கொடுக்கவில்லை.

ஐந்தாம் ஆண்டில் ஒரு வேடிக்கை. வெயிலின் பங்கு 97-க்கு ஏறிய அதே ஆண்டில், மண் சேமிப்பின் திறன் 54-லிருந்து 36 சதவீதத்துக்கு இறங்கியது. எடுத்ததைப் போட்டதால் வகுத்து வருவதுதான் இந்தத் திறன். வீடுகள் குறைவாகக் கேட்டால் குறைவாகத்தான் எடுப்போம். மிச்சம் மண்ணிலேயே அடுத்த ஆண்டுக்கு நிற்கும், கணக்கில் மட்டும் திறன் குறைந்ததாகக் காட்டும். ஆகவே ஓர் ஆண்டின் திறனை மட்டும் எடுத்துப் பேசுகிறவர் சொல்வதை நான் அரைக்காதால்தான் கேட்பேன்.

பம்புகளை ஓட்டிய மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன், அது அடிக்கடி கேட்கப்படுகிற கேள்வி. பிந்தைய ஆண்டுகளில் பம்புக்குச் செலவான ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 30 யூனிட் வெப்பம் கிடைத்தது. வெளிக்காற்றிலோ மண்ணிலோ உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இறைக்கும் வெப்பப் பம்பு, ஒரு யூனிட்டுக்கு மூன்று, நான்கு தந்தாலே பாராட்டுகிறோம்.

வீடு எவ்வளவு குறைவாகக் கேட்கலாம்?

52 வீடுகளும் கனடாவின் ஆர்-2000 தரத்தில் கட்டியவை. சாதாரண வீட்டைவிட ஏறத்தாழ 30 சதவீதம் சிக்கனம்; தடித்த வெப்பத்தடுப்பு, காற்று கசியாத சுவர், கட்டுப்பாடான காற்றோட்டம். ஒவ்வொரு வீட்டின் அடித்தளத்திலும் ஒரு காற்றுப்பெட்டி. பொதுக் குழாயில் வரும் தண்ணீர் அதிலுள்ள அகலமான சுருள் வழியாகப் போக, மின்விசிறி வீட்டுக் காற்றை அதன்மேல் ஊதியது. தண்ணீர் மிதமான நாட்களில் 40 டிகிரிக்கு அருகில், கடும் குளிரில் 55 வரை. எரிவாயு உலையிலிருந்து முகத்தில் அறைவதுபோல் வரும் சூடான காற்று இங்கே வரவில்லை. வெதுவெதுப்பான காற்று நீண்ட நேரம் வந்துகொண்டிருந்தது. சுவர் கசிந்தால் இந்த வெதுவெதுப்பு ஒரு மூலைக்கும் போதாது. சிக்கன வீடு இல்லாமல் இந்த அமைப்பே இல்லை என்பதற்குப் பொருள் இதுதான்: வீடு குறைந்த சூட்டிலேயே திருப்தி அடைந்தால், 80-லிருந்து 40 வரை ஆறும் மண்ணையும் பயன்படுத்தலாம். 70 டிகிரி தண்ணீர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், மண் 70-ஐ விட்டு இறங்கிய அன்றே சேமிப்பு காலி.

ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் 1996-இல் கட்டிய 12,000 கன மீட்டர் கான்கிரீட் தொட்டி இந்தப் பாடத்தைத்தான் கற்றது. வீடுகளிலிருந்து திரும்பி வந்த தண்ணீர் திட்டமிட்டதைவிடச் சூடாக வந்தது. தொட்டியை அடிவரை ஆறவைக்க முடியவில்லை. ஆறாத தொட்டியில் அடுத்த கோடைக்கு இடம் ஏது?

குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வேண்டிய வெந்நீரை ட்ரேக் லேண்டிங்கில் பொதுக் குழாயில் சேர்க்கவே இல்லை. அதற்கு ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் தனியாக இரண்டு தகடுகள். முதலில் எனக்கு இது இரட்டை வேலையாகத் தோன்றியது. யோசித்தால் புரிகிறது: வெந்நீரில் கிருமி வளராமலிருக்க 60 டிகிரி அளவில் வைக்க வேண்டும், அதுவும் ஆண்டு முழுவதும். அதைச் சேர்த்திருந்தால் மொத்தக் குழாய் வலையும் கோடையிலும் கொதித்துக்கொண்டு கிடந்திருக்கும்.

இங்கேதான் சிக்கன வீட்டுக்கும் பொதுக் குழாய்க்கும் உள்ள மனத்தாங்கல் தொடங்குகிறது. ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வெப்பத் தேவையை மிகக் குறைத்துக் கட்டும் ஜெர்மன் பாசிவ் ஹவுஸ் தரத்தில் 150 சதுர மீட்டர் வீடு. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட் என்றால் மொத்தம் 2,250 யூனிட். அந்த வீட்டின் பங்காகத் தெருவில் 20 மீட்டர் குழாய் புதைந்திருக்கிறது. மீட்டருக்கு 10 வாட் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் ஓடினால் 1,752 யூனிட் மண்ணுக்குப் போகிறது. வீட்டுக்குப் பத்து யூனிட் கிடைத்தால் வழியில் ஏறக்குறைய எட்டு தொலைகிறது. குழாய்க்கு வீடு சிக்கனமா ஊதாரியா என்பது தெரியாது. அதன் நீளமும் சூடும் மட்டுமே அதன் கசிவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே வீட்டின் தேவையை அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டு, ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும் தனி வீடுகளுக்குப் பொதுக் குழாய் இழுப்பது வரவுக்கு மீறிய செலவு. நெருக்கமான அடுக்ககங்களுக்கு அது பொருந்தும். ட்ரேக் லேண்டிங் ஆர்-2000 அளவோடு நின்றதும், கோடையில் குழாயைச் சும்மா விட்டதும், குறைந்த சூட்டில் ஓட்டியதும் இந்தக் கசிவை அடக்க எடுத்த முடிவுகளாகவே எனக்குப் படுகின்றன. ஆனால் தனித்தனி வீடுகள் என்ற வடிவத்தை அது மாற்றவில்லை.

பணம்

திட்டத்தின் செலவு ஏறத்தாழ 70 லட்சம் கனடிய டாலர். கனடாவின் இயற்கை வள அமைச்சகம் முன்னின்றது. மாகாண அரசு, நகராட்சி, எரிவாயு நிறுவனம், வீடு கட்டும் நிறுவனம் எல்லாம் கைகோத்தன. 52 ஆல் வகுத்தால் வீட்டுக்கு ஏறத்தாழ 1,34,600 டாலர். வீடுகள் விற்றது சராசரியாக 3,80,000 டாலர் அளவில். வீட்டு விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைச் சூடாக்கும் அமைப்புக்கே. இதில் ஏறத்தாழ 30 லட்சம் ஆய்வுக்கும் வடிவமைப்புக்குமான ஒருமுறைச் செலவு, மறுபடி கட்டினால் 40 லட்சத்தில் முடியும், 200 முதல் 300 வீடுகள் இருந்தால்தான் அளவு சரியாக அமையும் என்று திட்டத் தரப்பிலேயே சொன்னார்கள். முன்னோட்டத் திட்டம் என்பதால் முதல் செலவை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறொரு கணக்கு. வீட்டுக்காரர் கட்டும் வெப்பக் கட்டணம் சராசரியாக மாதம் 60 டாலர் என்று அறிவித்திருந்தார்கள். எரிவாயு மலிந்த மாகாணம் அது; அதைவிடக் கூடுதலாகக் கேட்டால் யார் வருவார்? 60-ஐ 52 ஆல் பெருக்கி 12 ஆல் பெருக்கினால் ஆண்டு வருமானம் 37,440 டாலர். இதற்குள் 800 தகடுகள், இரண்டு பெருந்தொட்டிகள், 24 சரங்கள், பம்புகள், வால்வுகள், வெப்பமாற்றிகள், கட்டுப்பாட்டுக் கணினி, துணைக்கு நிற்கும் எரிவாயு கொதிகலன், 52 காற்றுப்பெட்டிகள் அனைத்தையும் பராமரிக்க வேண்டியிருந்தது. தொழில் தெரிந்த ஒருவரை முழுநேரம் வைத்துக்கொள்ளக்கூட இது போதாது.

முதல் பத்து ஆண்டுகள் எல்லாம் புதிது, ஆய்வாளர்களின் கண் எப்போதும் மேலே இருந்தது, விருதுகளும் வந்தன. 2011-இல் எனர்ஜி குளோப் உலக விருது. பிறகு பாகங்களுக்கு வயதாகத் தொடங்கியது. சில பாகங்களுக்கு மாற்று கிடைக்கவில்லை. கிடைத்ததைப் போட்டுச் சரிசெய்யும் செலவு தாங்கவில்லை. உலகத்தில் இதுபோல் வேறொன்று இல்லை என்று பெருமையாகச் சொன்ன அதே தனித்தன்மை, உதிரிபாகம் தேடும் நாளில் சுமையானது. 52 வீடுகளுக்காக எந்தத் தொழிற்சாலை ஒரு பழைய காற்றுப்பெட்டியை மறுபடி செய்து கொடுக்கும்?

அந்த 144 துளைகளில் அசையும் பாகம் ஒன்றுமில்லை. ஒரு சரத்தில் கோளாறு வந்தால் அதை மட்டும் துண்டித்துவிட்டு மற்றவற்றை ஓட்டும்படிதான் வட்டத்தை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். அமைப்பிலேயே உறுதியான பகுதி பூமிக்குள் இருந்தது. தேய்ந்தவை எல்லாம் பூமிக்கு மேலே.

டென்மார்க் பக்கம் ஒரு பார்வை

ட்ரோனிங்லுண்ட் என்ற டென்மார்க் ஊர் 2014-இல் 37,573 சதுர மீட்டர் தகடுகளும், குழி தோண்டி விரிப்பு போட்டு மூடிய 60,000 கன மீட்டர் தண்ணீர்ச் சேமிப்பும் அமைத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள். நிறுவனமே வாடிக்கையாளர்களின் கூட்டுறவு. குழாய் வலை முன்பே இருந்தது, அதைக் கவனிக்க ஆட்களும் முன்பே இருந்தார்கள். வெயிலிடம் அவர்கள் கேட்டது நூறு சதவீதம் அல்ல, ஏறத்தாழ 40. வோயன்ஸ் ஊரில் 2015-இல் வந்த குழி 2,00,000 கன மீட்டர்.

அங்கே பிரச்சினையே இல்லையா என்றால், உண்டு. ட்ரோனிங்லுண்டிலும், இதேபோன்ற குழி உள்ள இன்னொரு டென்மார்க் ஊரான மார்ஸ்டாலிலும் மிதக்கும் மூடிக்குள் ஈரம் புகுந்து வெப்பத்தடுப்பு நனைந்துபோக, மூடிகளையே மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினார்கள். செலவை ஆயிரம் வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும்போது அது ஒரு பராமரிப்புப் பணி; அதே செலவு 52 வீடுகளின் தலையில் விழுந்தால் திட்டத்தை மூடும் பேச்சு எழும்.

97-லிருந்து நூறுக்குப் போவதற்குச் செலவிட்ட கவனத்தை, இன்னும் 150 வீடுகளைச் சேர்ப்பதில் செலவிட்டிருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை. வட்டத்தின் விட்டம் கூடியிருக்கும், கசிவின் பங்கு குறைந்திருக்கும், பங்கு 80-இல் நின்றாலும் மிச்சத்தை எரிவாயுக் கொதிகலன் பார்த்துக்கொண்டிருக்கும். முன்னோட்டத் திட்டத்தில் நூறு என்ற எண்ணுக்கு இருந்த கவர்ச்சியும் எனக்குப் புரிகிறது. அந்த எண் இல்லாவிட்டால் நானே இதைப் படித்திருப்பேனா என்பது சந்தேகம்.

பம்புகளை நிறுத்தியதும் மண் உடனே ஆறிவிடாது. நடுவிலிருந்து வெப்பம் மெல்ல மெல்லச் சுற்றுமண்ணுக்குப் பரவும்; ஏறியதற்கு ஆண்டுகள் ஆனதுபோல் இறங்கவும் ஆண்டுகள் ஆகும். வீடுகளின் அடித்தளத்தில் வேறு சாதனங்கள் வந்துவிட்டன. ஆர்-2000 சுவர்கள் அப்படியே நிற்கின்றன. அந்த அளவுக்கு 52 வீடுகளின் எரிவாயுக் கட்டணமும், அவ்வளவு தடுப்பில்லாத அதே அளவு வீட்டுக்கு வருவதைவிடக் குறைவாகத்தான் வரும்.